படி நீங்கலாக

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்குப் பதினான்கு படிகள். அக்கா சொல்லித்தான் எனக்கு அந்த எண் தெரியும். ஏழு ஆண்டுகள் தினமும் ஏறி இறங்கியும் நான் அவற்றை ஒரு நாளும் எண்ணியதில்லை.

அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரும்புப் பட்டை, அக்குளில் ஒரு கட்டை. நகரத்தில் ஒரு வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்தாள். நான் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் குடும்பம்.

காலையில் அவள் கீழே இறங்குவதற்கு ஒரு முறை இருந்தது. கட்டையைக் கயிற்றில் கட்டிக் கைப்பிடிச் சுவரோரமாக முதலில் இறக்கிவிடுவாள். பிறகு ஒரு பழைய துண்டை விரித்து மேல் படியில் உட்கார்ந்து, துண்டோடு ஒவ்வொரு படியாகச் சறுக்கி வருவாள். கீழே வந்ததும் துண்டை உதறி மடித்து மின்சார மீட்டர் பெட்டியின் மேல் வைப்பாள். மாலையில் ஏறும்போது நான் வீட்டில் இருந்தால், அவள் மேலே வந்து சேரும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அது அவள் உத்தரவு.

தாம்பரத்தை விட்டுப் போக முடியாது என்பதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. மின்சார ரயில் தாம்பரத்தில்தான் புறப்படும். வண்டி காத்துக்கொண்டு நிற்கும். நிதானமாக ஏறி உட்காரலாம். குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ அது அவளுக்காக நிற்காது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவள் கால் வைத்ததே இல்லை. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் தரை மெல்லச் சரிந்து தண்டவாள மட்டத்துக்கு வரும். அந்தச் சரிவில் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறிக்கொள்வாள். போர்ட்டர்கள் பார்த்தும் பாராததுபோல் இருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில் அவள் ஒன்பதாவது படியிலிருந்து வழுக்கி விழுந்தாள். அடிபட்டது நல்ல காலின் முழங்காலில். இருக்கிற ஒரு காலையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் படுக்கையில் இருந்துவிட்டு எழுந்த அன்று அவள் முடிவைச் சொன்னாள். அடுத்த மழைக்குள் தரையோடு ஒரு வீடு. இல்லையென்றால் ராஜினாமா, நாசரேத்தில் சித்தி வீடு. சித்தி நல்லவள்தான். ஆனால் அங்கே போனால் அக்கா 'பாவம்' ஆகிவிடுவாள். இங்கே அவள் சீனியர் டைப்பிஸ்ட்.

வாடகைக்குத் தேடிப் பார்த்தோம். கீழ்ப் போர்ஷனை வீட்டுக்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டு மாடியைத்தான் விட்டார்கள். தனி வீடுகள் மழைத் தண்ணீருக்குப் பயந்து தரையிலிருந்து உயர்ந்து நின்றன. வாசலுக்கு வாசல் மூன்று படி, நான்கு படி. அடுத்தவர் வாசலை இடிக்க முடியாது. வீடு நம்முடையதாக இருந்தால்தான் முடியும்.

வாரியம் அப்போதுதான் சுற்றறிக்கைகளைத் தமிழில் அனுப்பத் தொடங்கியிருந்தது. அவற்றுக்கு ஸ்டென்சில் அடிப்பது அக்கா. ஒரு நாள் அவள் அடித்த சுற்றறிக்கை, உடல் ஊனமுற்ற ஊழியர்கள் தமக்குத் தகுந்த வீடு வாங்க நலநிதியிலிருந்து உதவி பெறலாம் என்றது. திருப்பித் தர வேண்டியதில்லை. தொகை சம்பளத்தைப் பொறுத்தது. எது தகுந்த வீடு, எதெல்லாம் சம்பளத்தில் சேரும் என்று அதில் இல்லை.

"ஸ்டென்சில் அடிச்சு, மெஷின்ல போட்டு உருட்டி, எல்லா செக்‌ஷனுக்கும் அனுப்பினப்புறம்தான்டா தோணிச்சு" என்றாள் வீட்டுக்கு வந்து. "ஊனமுற்ற ஊழியர்னா அது நான்தானே!"

வீடு தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரில் கிடைத்தது. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு மண் தெரு. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. மனைவி இறந்த பிறகு திருச்சியில் மகளோடு போய் இருக்க நினைத்தவர். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. கக்கூஸ் கொல்லையில் இல்லாமல் அதே கூரைக்குக் கீழே, அதே மட்டத்தில் இருந்தது. அக்கா அந்த வீட்டை விரும்பியது அதற்காக. ஒரே குறை, வாசலில் மூன்று கருங்கல் படிகள். வாங்கியதும் அவற்றை எடுத்துவிடலாம். அவளுடைய சேமிப்பு, வைப்பு நிதிக் கடன், நலநிதி உதவி மூன்றும் சேர்ந்தால் விலைக்குச் சரியாக இருக்கும்.

மனுவை அவளே எழுதினாள். என்னிடம் காட்டினாள். காட்டியிருக்க வேண்டாம்.

அவள் எழுதியிருந்தது: "எனக்கு ஏறி இறங்கும் படிகள் இல்லாத வீடே தகுந்தது. எனவே ஏறி இறங்கும் படிகள் நீங்கலான வீடு வாங்க உதவி அளிக்கக் கோருகிறேன்." நான் பேனாவை எடுத்து 'ஏறி இறங்கும்' என்பதை இரண்டு இடத்திலும் அடித்தேன்.

"ஏண்டா?"

"படின்னா ஏறி இறங்கறதுதானே அக்கா. படுத்துத் தூங்கறதா? கூறியது கூறல்."

பத்தியில் அரை வரி மிச்சம் பிடித்தால் எங்கள் அலுவலகத்தில் பாராட்டுவார்கள். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்திருந்தது. 'படிகள்' என்பதில் 'கள்' எதற்கு என்று அதையும் எடுத்தேன். இரண்டாவது வாக்கியத்தைச் சுருக்கினேன். கடைசியில் மனு இப்படி நின்றது: "எனக்குப் படி இல்லாத வீடே தகுந்தது. எனவே படி நீங்கலாக உதவி அளிக்கக் கோருகிறேன்." நறுக்கென்று இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் அதை அப்படியே தட்டச்சு செய்து, வீட்டின் வரைபடத்தையும் இணைத்துக் கொடுத்தாள்.

ஆணை தை மாதம் வந்தது. "மனுதாரர் கோரியவாறு, சேலையூர் வீட்டுக்கான உதவி, படி நீங்கலாக, கொள்கையளவில் அனுமதிக்கப்படுகிறது. ஓவர்சியர் வீட்டைப் பார்வையிட்ட பின் தொகை தெரிவிக்கப்படும்."

இரண்டு பேரும் அதைப் பலமுறை படித்தோம். எங்களுக்கு அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. வீடு சரி, படி கூடாது. ஓவர்சியர் வருவதற்குள் படி போயிருக்க வேண்டும்.

"ஆனா வீடு இன்னும் நம்முது ஆகலையே" என்றாள் அக்கா.

"ஆர்டர் அப்படித்தானே இருக்கு?"

"இருக்கு" என்றாள். திருப்தி இல்லாத குரல்.

கார்டு சாரிடம் போய்ச் சொன்னோம். ஆணையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ரயில்வே ரூல் புத்தகத்தைப் படிப்பவர்போல் படித்தார்.

"கரெக்ட். படி நீங்கலாகன்னுதான் போட்டிருக்கான். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இடிச்சப்புறம் நீங்க வாங்கலேன்னா? வாசப்படி இல்லாத வீட்டை எவன் வாங்குவான்? நான் குதிச்சுக் குதிச்சா போறது?"

"வாங்கலேன்னா எங்க செலவுல திரும்பக் கட்டித் தர்றோம் சார்" என்றாள் அக்கா.

"எத்தனை நாள்ல பணம் வரும்?"

"சித்திரைக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் அக்காவின் கட்டையையும் படிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சித்திரை வரைக்கும்தான்" என்றார். "அதுக்கு மேல சிக்னல் இல்ல."

மறுவாரம் கொத்தனார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரணையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? ஊருல எல்லாரும் படி கட்டச் சொல்லிகினு கீறாங்க. நீ இடிக்கச் சொல்றே. ஸ்கூட்டர் கீட்டர் வாங்கப் போறியா?"

"அக்கா ஏறுறதுக்கு."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார். மூன்று கற்களும் முழுசாக வந்தன. அவற்றைக் கிணற்றோரம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். மண் கொட்டி, செங்கல் ஜல்லி இடித்து, மேலே சிமெண்டு போட்டு ஒரு சரிவு செய்தார். காய்ந்ததும் அக்கா ஏறிப் பார்த்தாள். பாதியில் கட்டையின் ரப்பர் வழுக்கியது. நான் பிடித்துக்கொண்டேன், அதற்காகவும் அவள் என்னை முறைத்தாள்.

"பிளாட்பாரம் முடியற இடத்துல இருக்குமே, அது மாதிரி வேணும்" என்றாள் கொத்தனாரிடம். "இது கூரை மாதிரி இருக்கு."

கார்டு சார் உள்ளேயிருந்து வந்தார். முப்பது வருடம் பிளாட்பாரத்தில் கழித்தவர். "பிளாட்பார ராம்ப்தானே? அப்பச் சொல்லியிருக்கலாமே!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்று தெருவோரத்தில் நின்று குதிகாலால் கோடு கிழித்தார். சரிவு இரண்டு மடங்கு நீண்டது. இந்தத் தடவை கொத்தனார் ஈரச் சிமெண்டில் குறுக்கே தேங்காய்நார்க் கயிற்றை வைத்து அழுத்தி எடுத்து, சாண் இடைவெளியில் தடம் பதித்தார். கட்டை அதில் நின்றது.

"யக்கா, இப்போ நீ டான்ஸே ஆடலாம்" என்றார் கொத்தனார். அக்கா சிரித்துவிட்டாள்.

ஓவர்சியர் மாசியில் வந்தார். டேப் வைத்து அளந்தார், சுவரைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். சரிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பங்குனியில் தொகை தெரிவிக்கும் கடிதம் வந்தது. நாங்கள் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். வீட்டு விலைக்குப் போதாது.

அன்று மாலை அக்கா படியேறி வந்து சேர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. கட்டிலில் உட்கார்ந்து இரும்புப் பட்டையின் வாரைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"அந்த ரெண்டு வார்த்தையை ஏண்டா அடிச்சே?"

எனக்குப் புரியவில்லை. கடிதத்தை நீட்டினாள். தொகைக்கு எதிரே எழுதியிருந்தது: "அடிப்படைச் சம்பளம் மட்டும். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி முதலியன, மனுதாரர் கோரியவாறு, நீங்கலாக."

படி. மாதாமாதம் அவள் சம்பளச் சீட்டில் வருகிற படி. அவள் அலுவலகத்தில் 'படி' என்றால் யாருக்கும் வாசல் நினைவுக்கு வராது. என் அலுவலகத்திலோ அந்தச் சொல் எப்போதும் ஏதாவது ஒரு கோவில் செய்தியில்தான் வரும். நான் தினமும் பிறர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு பிழையும் இல்லாத வாக்கியத்தை எடுத்து அவளுடைய படியை நானே வெட்டியிருக்கிறேன் என்பது அந்தக் கட்டில் முனையில் நின்றபோதும் எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்படியானால் நாங்கள் எதற்காக அந்த வாசலை இடித்தோம்?

மறுநாள் நானும் அவளோடு அலுவலகத்துக்குப் போனேன். நலநிதிப் பிரிவின் எழுத்தர் சாதுவான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"நிதி கம்மியா இருக்கறது தெரிஞ்சு நீங்களே படியை விட்டுக்கொடுத்தீங்கன்னு நெனச்சோம்மா. சூப்பிரண்டு சார் நோட்லயே பாராட்டி எழுதியிருக்காரு. பாக்கறீங்களா?"

"வேண்டாம் சார். நான் சொன்னது வாசப்படி."

"வாசப்படியா?" அவர் ஃபைலைத் திறந்து எங்கள் மனுவை எடுத்தார். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "இதுல வாசல்னே இல்லியே."

"இல்லை" என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப என்ன பண்றது? பாராட்டி எழுதிக் கையெழுத்தும் ஆயிடுச்சே. சரி, ஒண்ணு பண்ணுங்க, புதுசா மனு கொடுங்க. தெளிவா இருக்கட்டும்."

அக்கா தன் மேஜைக்குப் போய், தன் இயந்திரத்தில், யாரிடமும் காட்டாமல் இரண்டு வரி அடித்துக்கொண்டு வந்தாள். "எனக்குப் படி வேண்டும். வீட்டிற்குப் படி வேண்டாம்."

எழுத்தர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வேணும்னும் எழுதியிருக்கீங்க, வேணாம்னும் எழுதியிருக்கீங்களே மேடம்."

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டும் ஒரே மனுவுலயா..." என்று இழுத்தார். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பங்குனி போனது. சித்திரை பாதி போனது. நான் இரண்டு முறை கார்டு சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் சரிவின் மேல் முனையில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருந்தார். வேறொருவர் வீட்டைப் பார்க்க வந்ததாகவும், "படி எங்கே சார்?" என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டதாகவும் சொன்னார். எங்களுக்கு அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியவில்லை.

சித்திரை முடியப் பத்து நாள் இருக்கும்போது திருத்த ஆணை வந்தது. "மேற்படி ஆணையில் 'படி நீங்கலாக' என்பதைப் 'படி உட்பட' எனத் திருத்தி வாசிக்கவும்." அவ்வளவுதான். எங்கள் பத்திரிகையில் திருத்தம் போடுவதும் இப்படித்தான். அக்கா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். முழுத்தொகையும் வரும் என்று அதற்கு அர்த்தம். இந்தத் தடவை அர்த்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, நாங்கள் சேலையூரில் கார்டு சாரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் அதே ஓவர்சியர் வந்து இறங்கினார். கையில் அதே ஃபைல். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"சார், படி எங்கே?"

"எந்தப் படி?" என்றார் கார்டு சார்.

"ஆர்டர்ல படி உட்படன்னு திருத்தி வந்திருக்கு. போன தடவை என் ரிப்போர்ட்ல படி இல்ல. ரெண்டும் ஒத்துப்போகணும். படியைக் காட்டுங்க, எழுதிட்டுப் போறேன்."

"சார், அது பஞ்சப்படி" என்றாள் அக்கா. "சம்பளத்துல வர்ற படி."

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் கட்டடத்தைப் பாக்கறவன். கட்டடத்தோட ஃபைல்ல படின்னா அது இந்தப் படிதான்."

"இந்தப் படி எனக்கு ஆகாது சார். என்னைப் பாத்தாலே தெரியலையா?"

"தெரியுதும்மா. தெரியாம இல்ல. ஆனா படி இல்லேன்னு எழுதினா ஃபைல் திரும்பப் போகும். திரும்பி வர எத்தனை மாசமோ." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. படியை இடித்துவிட்டுச் சரிவு கட்டியவர்கள், சரிவை இடித்துவிட்டுப் படி கட்ட வேண்டுமா? கட்டிக் காட்டிவிட்டு மறுபடி இடிக்க வேண்டுமா? நான் மனத்துக்குள் அந்த வரிசையை ஒழுங்கு செய்ய முயன்றேன். எங்கே தொடங்கினாலும் அது பழைய இடத்துக்கே வந்தது.

அக்கா கட்டையை ஊன்றிக்கொண்டு தெருவில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. விழுந்த அன்றுகூட அழவில்லை.

கார்டு சார் ஓவர்சியரைத் தோளில் தட்டினார். "இங்க வாங்க." வீட்டைச் சுற்றிக் கிணற்றோரம் அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். "இது என்ன?"

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். கற்கள் நடுவில் தேய்ந்திருந்தன. "படிக்கல்."

"எத்தனை?"

"மூணு."

"வீட்டோட விக்கறேன். அப்ப படி உட்படத்தானே?"

ஓவர்சியர் ஃபைலைத் திறந்து ஆணையைப் பார்த்தார். இதில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஆனால் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பேனாவை எடுத்து, கிணற்றுச் சுவரின் மேல் ஃபைலை வைத்து எழுதினார். நான் தோளுக்கு மேலாகப் படித்தேன். "படி உள்ளது. எண்ணிக்கை மூன்று. கிணற்றருகில்." கையெழுத்துப் போட்டு, அக்காவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

பணம் முழுதாக வந்தது. அது அக்காவின் இரண்டு வரி மனுவால் வந்ததா, கிணற்றருகில் இருந்த மூன்று கற்களால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாரியத்தில் யாராவது அந்த ஃபைலை முழுதாகப் படித்திருப்பார்கள் என்றும் நான் நினைக்கவில்லை.

பத்திரம் எழுதியவர் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதினார். சொத்து விவரத்தில் "வாசலில் உள்ள மூன்று கருங்கல் படிகள் உள்பட" என்று வந்தது. சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

பதிவு முடிந்ததும் இரும்புலியூர் மாடியிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு சேலையூருக்கு வந்தோம். ரிக்‌ஷா தெருவில் நின்றது. அவற்றை இறக்கி வைத்துவிட்டு, கார்டு சார் கொடுத்துவிட்டுப் போன சாவியால் பூட்டைத் திறந்தேன். அக்கா சரிவில் ஏறினாள், உள்ளே போனாள். உடனே திரும்பி வந்து தெருவுக்கு இறங்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"ஏதாவது மறந்துட்டியா அக்கா?"

"இல்ல."

"பின்னே?"

"சும்மாதான்டா. நீ வழியை விட்டு நில்லு."

நான் கிணற்றோரம் போய்ப் படிக்கல்லின் மேல் உட்கார்ந்தேன். கட்டை கயிற்றுத் தடத்தில் ஊன்றும் சத்தம் அங்கேயும் கேட்டது. எண்ணினேன். ஏழாவது தடவை உள்ளே போனவள் வெளியே வரவில்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.